புற்றுநோயாளிக்குப் பசி ஏன் போகிறது?

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆண்டனி செராமி என்ற உயிர்வேதியியலாளர் 1970களின் கடைசியில் ஓர் ஒட்டுண்ணி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ட்செட்சே ஈ பரப்பும் டிரிப்பனோசோம் கிருமியால் வருவது. ஆப்பிரிக்காவில் மாடுகளை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் நோய். ஆய்வுக்கூடத்தில் இந்தக் கிருமி தொற்றிய முயல்களின் இரத்தத்தில் கிருமிகள் சொற்பமாகத்தான் இருந்தன. முயல்களோ உருகிப் பாதி எடைக்கு வந்துவிட்டன. இன்னொன்றும் செராமியை உறுத்தியது. இப்படி மெலியும் பிராணியின் இரத்தத்தில் கொழுப்பு குறைந்திருக்க வேண்டும்; இந்த முயல்களின் இரத்தத்தில் கொழுப்பு ஏறிக்கிடந்தது. கொழுப்பை இரத்தத்திலிருந்து பிரித்துத் திசுக்களுக்குக் கொடுக்கும் நொதியை யாரோ நிறுத்திவைத்திருந்தார்கள்.

நிறுத்தியது கிருமி இல்லை. முயலின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்கள் சுரந்த ஒரு புரதம். செராமியும் புரூஸ் பாய்ட்லர் என்ற இளம் மருத்துவரும் அதைப் பிரித்தெடுத்து, உடலைத் தேய்ப்பது என்ற பொருளில் கேக்கெக்டின் என்று பெயரிட்டார்கள். 1985இல் அதன் அமைப்பைப் படித்தபோது, அது ஏற்கெனவே தெரிந்த பொருள் என்று தெரியவந்தது. பத்தாண்டுகளுக்கு முன் அதே நகரத்தில் லாயிட் ஓல்டின் குழு, எலிகளின் புற்றுக்கட்டியைக் கருகவைக்கும் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்து 'டியூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர்', சுருக்கமாக டி.என்.எஃப்., என்று அழைத்திருந்தது. இரண்டும் ஒன்றேதான். கட்டியைக் கருக்குவதும் உடம்பை உருக்குவதும் ஒரே புரதம்.

புற்றுநோய் வந்த வீடுகளில் அன்றாடம் நடப்பதற்கு இந்தக் கண்டுபிடிப்பு நேரடியாகப் பொருந்துகிறது. வழக்கமாக ஐந்து இட்லி சாப்பிடுகிறவர் அரை இட்லியோடு தட்டை நகர்த்துகிறார். குழம்பு தாளிக்கும் வாசனைக்கே குமட்டுகிறது. பகலெல்லாம் படுத்துக் கிடந்தும் அசதி தீரவில்லை. இரவில் தூக்கமும் இல்லை. பேரன் வந்தால்கூட முகத்தில் சிரிப்பு வருவதில்லை. வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறார்கள்: பசியின்மைக்கு மருந்தின் சூடு, அசதிக்கு ரத்தக் குறைவு, சோர்ந்த முகத்துக்கு மனக்கவலை. கடைசியில் பழி நோயாளியின் மேல் வந்து விழுகிறது. "மனசு வச்சா சாப்பிடலாம், வைக்க மாட்டேங்கிறார்."

இவை தனித்தனித் தொல்லைகளாக இல்லாமல் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாக இருக்கலாம் என்ற கருத்தை ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் சார்லஸ் கிளீலாண்டும் சகாக்களும் 2003இல் முன்வைத்தார்கள். வலி, அசதி, பசியின்மை, தூக்கக் கேடு, மனச்சோர்வு ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் அழற்சியும், அதன் செய்திகளைச் சுமக்கும் சைட்டோகைன் புரதங்களும் இருக்கின்றன என்றார்கள். கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988இலேயே வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்திருந்தார். காய்ச்சல் கண்ட மாடு தீவனத்தைத் தொடாமல், மந்தையை விட்டு ஒதுங்கிப் படுத்துக்கொள்வது பலவீனத்தால் மட்டும் நடப்பதில்லை. கிருமியோடு போராட உடம்பு தன் சக்தியைச் சேமித்துக்கொள்ளும் ஏற்பாடு அது என்று அவர் விளக்கினார். நமக்கும் ஃப்ளூ வந்த மூன்று நாள் அப்படித்தான் கழிகிறது. நான்காம் நாள் அழற்சி அடங்கியதும் ரசம் சாதம் கேட்கிறோம். புற்றுநோயில் அந்த நான்காம் நாள் மாதக்கணக்கில் வராமலே இருக்கிறது.

ஏன் வருவதில்லை? கட்டிக்குள் வெள்ளணுக்கள் நிறைந்திருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1863இலேயே கவனித்துவிட்டார். அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஹெரால்ட் டிவோராக் 1986இல் புற்றுக்கட்டியை ஆறாத புண் என்று விவரித்தார். காயம் பட்ட இடத்தில் உடம்பு புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும், செல்களைப் பெருக்கும், வேலை முடிந்ததும் நிறுத்திக்கொள்ளும். கட்டி இந்தப் பழுதுபார்ப்பு வேலையைத் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது, நிறுத்த விடுவதில்லை. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவையும் திசுக்களைக் காயப்படுத்தித் தம் பங்குக்கு அழற்சியைக் கூட்டுகின்றன.

உடம்புக்குள் இந்த அழற்சி செய்வதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் கல்லீரலுக்குப் போகிறது. உடனே கல்லீரல் தன் வழக்கமான உற்பத்தியை மாற்றி, அல்புமினைக் குறைத்து, சி-ரியாக்டிவ் புரோட்டீன் (சி.ஆர்.பி.) போன்ற அவசரகாலப் புரதங்களைக் கொட்டத் தொடங்குகிறது. அவற்றுக்கு மூலப்பொருளாக அமினோ அமிலம் வேண்டும். சாப்பாட்டிலிருந்து வராவிட்டால் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். தசைக்குள்ளும் சைட்டோகைன்களின் உத்தரவால் தசைப் புரதங்களுக்கு அழிவு முத்திரை குத்தும் நொதிகள் பெருகுகின்றன. முத்திரை பெற்ற புரதங்கள் துண்டு துண்டாக வெட்டப்படுகின்றன. தொடையும் தோளும் இப்படித்தான் கரைகின்றன. சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும் அல்புமின் 35 கிராமுக்குக் கீழும் இருந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கும் என்பதைக் கிளாஸ்கோ மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையாகவே ஆக்கியிருக்கிறார்கள். இரண்டுமே சாதாரண ஆய்வகங்களில் செய்யக்கூடிய பரிசோதனைகள்.

அதே இன்டர்லூக்கின்-6 கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோனையும் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் கூடினால் குடலிலிருந்து இரும்புச்சத்து இரத்தத்துக்குள் ஏறாது; ஏற்கெனவே உள்ள இரும்பும் சேமிப்புச் செல்களுக்குள் பூட்டப்படும். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் எவ்வளவு கொடுத்தாலும் ஹீமோகுளோபின் ஏறாத நோயாளிகள் இருப்பதற்கு இது ஒரு காரணம். கீரையில் குறையில்லை, வாசல் அடைபட்டிருக்கிறது.

மூளைக்கும் செய்தி போகிறது. மகிழ்ச்சியோடும் தூக்கத்தோடும் தொடர்புள்ள செரட்டோனினை உடல் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் செய்கிறது. அழற்சி மிகும்போது அந்த டிரிப்டோஃபானின் ஒரு பகுதி கைனுரினின் என்ற வேறு பாதைக்குத் திருப்பி விடப்படுகிறது. நோயாளியின் மனச்சோர்வில் பயத்துக்கும் கவலைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. இந்த வேதியியலுக்கும் பங்கு உண்டு. கட்டியும் நலிந்த திசுக்களும் சுரக்கும் ஜி.டி.எஃப்.-15 என்ற புரதத்துக்கான ஏற்பி மூளையின் பின்பகுதியில், குமட்டலைக் கட்டுப்படுத்தும் இடத்தில்தான் இருக்கிறது என்பது 2017இல் தெரியவந்தது. குழம்பு வாசனை குமட்டுவதும், தட்டைப் பார்த்ததும் வயிறு நிறைந்துவிடுவதும் இந்த இடத்தோடு தொடர்புடையவை. மன உறுதியால் மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயமில்லை இது. மருத்துவமனை வராந்தாவில் டிபன் கேரியரோடு உட்கார்ந்து, "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுகிற மனைவிகளுக்கும் மகள்களுக்கும் இதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சமையலிலும் குறையில்லை, நோயாளியின் மனத்திலும் குறையில்லை.

ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தால் அதைக் கேக்கெக்ஸியா, அதாவது உடல்தேய்வு நோய், என்று 2011இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வரையறுத்தார்கள். 60 கிலோ இருந்தவர் 57க்குக் கீழே இறங்கினாலே இந்தக் கணக்கில் வந்துவிடுகிறார். வழக்கமான ஊட்டச்சத்தை மட்டும் கொடுத்து இதை முழுமையாகத் திருப்ப முடியாது என்பதும் அந்த வரையறையின் பகுதி.

அப்படியானால் அழற்சியை அடக்கினால் போதுமே? டி.என்.எஃப்.-ஐ முடக்கும் எட்டனர்செப்ட், இன்ஃபிளிக்சிமாப் ஆகிய மருந்துகளைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். பலனில்லை, நுரையீரல் புற்று நோயாளிகளுக்கு இன்ஃபிளிக்சிமாப் கொடுத்தபோது அசதி கூடவே செய்தது. சைட்டோகைன்கள் பல. ஒன்றை மறித்தால் மற்றொன்று அந்த வேலையைச் செய்கிறது. குறிவைத்துத் தயாரித்த மருந்தே தோற்ற இடத்தில், அடுக்களைப் பொருள் ஒன்று தனியாக வென்றுவிடும் என்று விற்கிறவர்களை நம்பக் கூடாது. உணவால் ஒன்றுமே ஆகாது என்றும் இதற்குப் பொருளில்லை.

ஓரளவு ஆதாரம் உள்ளது மீன் கொழுப்பில் இருக்கும் ஒமேகா-3 அமிலங்களுக்கு. நம் செல் சவ்வுகளில் உள்ள அராக்கிடோனிக் அமிலத்திலிருந்துதான் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாகிறது. மீனிலிருந்து வரும் ஈ.பி.ஏ. அமிலம் சவ்வில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டால், அங்கே உருவாகும் பொருள்களின் வீரியம் குறைவு. அழற்சியை முடித்துவைக்கும் ரிசால்வின்கள் என்ற பொருள்களும் இதிலிருந்து பிறக்கின்றன. கனடாவின் ஆல்பர்ட்டாவில் கீமோ எடுத்துக்கொண்ட 40 நுரையீரல் புற்று நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குத் தினம் 2.2 கிராம் ஈ.பி.ஏ. கொடுத்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 69 சதவீதத்தினர் தசையைக் காத்துக்கொண்டார்கள் அல்லது கூட்டிக்கொண்டார்கள். எடுக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்குத்தான் அது முடிந்தது.

நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் 40 பேர் என்பதைக் கவனிக்க வேண்டும். எடின்பரோவின் கென்னத் ஃபியரன் குழு 2006இல் 518 நோயாளிகளிடம் ஈ.பி.ஏ.-வைச் சோதித்தபோது உறுதியான பலன் தெரியவில்லை. அசதியில் இன்னும் விசித்திரமாக நடந்தது. மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 633 பெண்களைக் கவனித்த ஆய்வில், ஒமேகா-3ஐவிட ஒமேகா-6 மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம் அழற்சியும் அசதியும் கூடுதலாக இருந்தன. சரி, ஒமேகா-3 கொடுத்தால் அசதி குறையும் என்று எதிர்பார்த்து 108 பேரிடம் சோதனை நடத்தினால், ஒப்பீட்டுக்காக ஒமேகா-6 மிகுந்த சோயா எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் அசதி அதிகமாகக் குறைந்தது. 2019இல் வந்த முடிவு அது. கவனித்து அறிந்ததும் சோதித்து அறிந்ததும் எவ்வளவு விலகிப் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இவற்றையெல்லாம் எடைபோட்ட ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கம், எடை குறைந்துவரும் முற்றிய நோயாளி கீமோவில் இருந்தால் மீன் எண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. அதைப் பலவீனமான பரிந்துரை என்றே குறித்தும் வைத்திருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் அதுகூடச் சொல்லவில்லை.

என் கணிப்பில், மாத்திரைக்கு முன் மீனுக்குப் போகலாம். நம் கடற்கரையில் கிடைக்கும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் ஒமேகா-3 ஏராளம். அதோடு 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதமும் வருகிறது. மாத்திரையில் அது இல்லை.

இனி மஞ்சள். புற்றுநோய் என்றதும் நம் ஊரில் முதலில் நீளும் கை மஞ்சள் டப்பாவுக்குத்தான். அதிலுள்ள குர்குமின், அழற்சி மரபணுக்களை முடுக்கும் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதத்தைச் சோதனைக் குழாயில் அடக்குவதை 1990களிலேயே பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தன. இத்துறையில் வந்த பல கட்டுரைகள் படங்களில் கண்ட முரண்களால் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன என்பதும் வாசகர் அறிய வேண்டியது.

சிக்கல் குழாய்க்கு வெளியேதான். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதமே. அதுவும் குடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் விரைவில் மாற்றிவிடுகிறது. கணையப் புற்று நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்தும் இரத்தத்தில் நானோகிராம் கணக்கில்தான் தென்பட்டது. கதிர்வீச்சால் மார்பகத் தோல் வெந்துபோவதைத் தடுக்குமா என்று ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 30 பெண்களிடம் சோதித்தார்கள். தினம் 6 கிராம் குர்குமின். 2013இல் நல்ல பலன் என்று அறிவித்தார்கள். அதே குழு 686 பேரிடம் மீண்டும் சோதித்து, குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று 2018இல் நேர்மையாகச் சொன்னது. 6 கிராம் குர்குமினை மஞ்சள் தூளாகவே சாப்பிட வேண்டுமானால் நாளொன்றுக்கு 200 கிராம் தூள் வேண்டும். பாலில் கலக்கும் சிட்டிகை மஞ்சள் எந்த இடத்தில் நிற்கிறது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

மிளகோடு சேர்த்தால் ஏறுமே என்பார்கள். உண்மைதான், அந்த ஆய்வே பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998இல் வெளியானது. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது குர்குமின் உடலில் ஏறும் அளவு 20 மடங்கு கூடியது. கல்லீரல் நொதிகள் அந்நியப் பொருள்களை வெளியேற்றும் வேகத்தைப் பைப்பரின் மட்டுப்படுத்துவதுதான் காரணம். கவலையும் இங்கேதான் தொடங்குகிறது. கீமோ மருந்துகள் பலவும் அதே கல்லீரல் நொதிகளால்தான் அளவாக வெளியேறுகின்றன. அந்த வழியை மாத்திரையால் அடைத்தால் மருந்து உடம்பில் தேங்கி விஷமாகலாம். மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பழுதான 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனார். ரசத்துக்கும் குழம்புக்கும் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது டப்பாவில் அடைத்து விற்கும் செறிவூட்டிய மாத்திரைக்கு.

இஞ்சியின் கதை இதைவிட மேல். 576 நோயாளிகள் பங்கேற்று 2012இல் வெளியான சோதனையில், கீமோவுக்கு மூன்று நாள் முன்பிருந்தே வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தோடு இஞ்சி மாத்திரையும் எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. அரை கிராமும் ஒரு கிராமும் கொடுத்த பலனை ஒன்றரை கிராம் கொடுக்கவில்லை. கூட்டினால் கூடும் என்ற எண்ணம் இங்கே பலிக்கவில்லை. பிளேட்லெட் குறைந்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையாக எடுக்கக் கூடாது. வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களின் வாய்ப்புண்ணைத் தடுக்கத் தேனைப் பரிந்துரைக்கிறது 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டி நெறி. வாய்ப் புற்று மிகுந்த நம் நாட்டுக்கு இது பயனுள்ள செய்தி. சர்க்கரை நோயாளிகளுக்கும், வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருப்பவர்களுக்கும் தேன் பொருந்துமா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

பச்சைத் தேயிலையும் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுக்குத் தரும் போர்டெசோமிப் மருந்தோடு அதன் முக்கியப் பொருள் நேரடியாகப் பிணைந்து, மருந்தைச் செயலிழக்க வைப்பதை 2009இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29 ஆயிரம் ஆண்களைக் கொண்டு நடத்திய பெரிய சோதனையில், கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதலாக வந்தது. 1994இல் அந்த முடிவு வெளியானபோது உலகமே அதிர்ந்தது. உணவில் இருக்கும்போது நல்லதாக இருப்பது, பிரித்தெடுத்துச் செறிவாக்கினால் அப்படியே இருக்கும் என்று உறுதியில்லை.

இவ்வளவையும் படித்த பிறகு என்னை அதிகம் கவலைப்படுத்துவது, எதைச் சேர்ப்பது என்பதைவிட நம் வீடுகளில் எதை நிறுத்துகிறார்கள் என்பதுதான். நோய் தெரிந்த மறுநாளே பத்தியம் தொடங்கிவிடுகிறது. முட்டை சூடு, மீன் ஆகாது, கறி கூடாது, பால் சளி, சர்க்கரை கட்டிக்குத் தீனி. மிஞ்சுவது அரிசிக் கஞ்சியும் இளநீரும். கல்லீரல் அவசரப் புரதங்களுக்காகத் தசையை அரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், புரதம் வரும் வழியையெல்லாம் நாமே அடைக்கிறோம். ஐரோப்பிய நெறிப்படி நோயாளிக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1 முதல் 1.5 கிராம் புரதமும், 25 முதல் 30 கலோரியும் வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு. கஞ்சியை மட்டும் குடித்து இந்தக் கணக்கை எட்டவே முடியாது. கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதிலேயே பாசிப்பருப்பைக் குழைத்துப் போடலாம், பால் பவுடர் கலக்கலாம், ஒரு கரண்டி நெய் விடலாம். மூன்று வேளையை ஆறு சிறு வேளையாக்கலாம். வாசனை குமட்டினால் சூடாகப் பரிமாறாமல் ஆறவைத்துக் கொடுக்கலாம்; தயிர் சாதம் பலருக்கு இறங்கும். முடிந்த அளவு நடப்பதும் அவசியம். அசதிக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சி நன்றாக வேலை செய்கிறது என்பதை 113 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காட்டியிருக்கிறார்கள்.

மருத்துவமும் சும்மா இருக்கவில்லை. புதுச்சேரி ஜிப்மரில் 124 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், மனநல மருத்துவத்தில் பழக்கமான ஓலன்சபைன் என்ற மலிவான மருந்தை 2.5 மில்லிகிராம் என்ற சிறு அளவில் 12 வாரம் கொடுத்தார்கள். அதை எடுத்தவர்களில் 60 சதவீதத்தினருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதத்தினருக்கு மட்டுமே. 2023இல் வெளியான இந்த முடிவுதான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் தன் வழிகாட்டி நெறியையே மாற்ற முக்கியக் காரணம். ஜி.டி.எஃப்.-15ஐ முடக்கும் பொன்செக்ரோமாப் என்ற ஊசி மருந்து, 187 பேரிடம் நடந்த சோதனையில் 12 வாரத்தில் 2.8 கிலோ வரை எடை வித்தியாசம் காட்டியதாக 2024இல் அறிவித்தார்கள். அது இன்னும் சோதனையில் இருக்கிறது. ஓலன்சபைன் நம் ஊர் மருந்துக்கடையிலேயே இருக்கிறது. மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால் வாரம் ஒருமுறை அவர் எடையைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாளோடு, வீட்டில் இருக்கும் மஞ்சள் மாத்திரை, மூலிகைப் பொடி, லேகியம், மீன் எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவர் மேஜையில் வையுங்கள். எடை குறைந்திருந்தால், பசிக்கு என்ன செய்யலாம், உணவியல் நிபுணரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.